சரித்திர நாடகத்திற்குச் சுருதி கூட்டியவர்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், பன்விலக் குன்றுகளை மூடுபனி போர்த்துக் கிடந்த பிற்பகல் வேளையில், வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சோழப் பேரரசைப் பற்றிய தொலைக்காட்சி நாடகக் காட்சியொன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். தஞ்சைப் பெருங்கோயிலின் முன்னே மன்னன் நிற்கின்றான். பின்னணியில் நரம்பிசை அலை அலையாகப் பொங்கி எழுகின்றது. வகுப்பு முழுவதும் அக்காட்சியில் ஒன்றிப் போயிருந்தது. காட்சி முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"சேர், ராஜராஜன் காலத்துல வயலின் இருந்திச்சா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப அங்க யாரு சேர் வாசிக்கிறது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னைத் தொடர்ந்து வந்தது. சரித்திர நாடகத்திலே அரண்மனையை அக்காலத்திற்கு ஏற்ப அமைக்கின்றனர். ஆடை அணிகளை ஆராய்ந்து தெரிகின்றனர். உரையாடலையும் பழைய நடையிலே எழுதுகின்றனர். இசை மட்டும் எக்காலத்திற்கு உரியது? அதனை வாசிப்பவர் யார்? யார் பொருட்டு வாசிக்கின்றார்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தபோது கிடைத்த செய்திகளையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

அந்நாளில் இருந்தவை எவை?

முதலிற் சிறுவனின் ஐயத்தைத் தீர்ப்போம். வயலின் மேனாட்டார் நமக்குத் தந்த கொடை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார் என்பர். இராசராசன் மறைந்து எண்ணூறு ஆண்டுகள் சென்ற பின்னர் நிகழ்ந்த செய்தி இது.

அப்படியாயின் சோழர் காலத்துத் தஞ்சை இசையற்றுக் கிடந்ததா? இல்லை. 1010ஆம் ஆண்டிலே நிறைவெய்திய பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று கூறுகின்றன. நாள்தோறும் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களை இராசராசன் நியமித்தான், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆக ஐம்பதின்மர். மற்றொரு கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்தும் வருவிக்கப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களையும், ஆடல் ஆசான்கள், வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர் முதலானோர் பெற்ற பங்குகளையும் பட்டியலிட்டுக் கூறுகின்றது.

நாற்பத்தெண்மர் ஒருங்கு பாட, இரு தோற்கருவிகள் உடன் முழங்கும் காட்சியைச் சற்றே மனக்கண்முன் கொணர்ந்து பாருங்கள். இன்று நாம் ஆங்கிலச் சொல்லால் 'ஓர்க்கெஸ்ட்ரா' என்று வழங்குவதற்கு நிகராகப் 'பல்லியம்' என்ற பழந்தமிழ்ச் சொல் உண்டு. பல இயங்கள் கூடி ஒலிப்பது என்பது அதன் பொருள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவியின் ஆடலுக்குக் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் வழியே முழவும் நின்று இசைத்த முறைமையை இளங்கோவடிகள் கூறுகின்றார். அக்காதையை அடிப்படையாகக் கொண்டு, மறைந்துபோன யாழ்க் கருவிகளைக் கணக்கிட்டு மீட்டெடுக்க முயன்றவர் நம் நாட்டுக் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவருடைய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.

ஆகவே பல கருவி சேர்ந்திசைத்தலும், நாடகத்திற்கு இசை துணை நிற்றலும் நமக்குப் புதியன அல்ல. தொலைக்காட்சி என்னும் சின்னப் பெட்டிக்குள்ளே பழங்காலத்தை எவ்வாறு ஒலிக்கச் செய்வது என்பதே புதிய பிரச்சினை.

மூன்று வழிகள்

உலகெங்கும் இப்பிரச்சினைக்கு மூவகைத் தீர்வுகள் கண்டிருக்கின்றனர்.

முதலாவது, அக்காலத்துக் கருவிகளையே தேடிப் பிடித்து வாசித்தல். 1970ஆம் ஆண்டில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆறு தேவியரைப் பற்றியும், 1971இல் முதலாம் எலிசபெத் அரசியைப் பற்றியும் தொடர் நாடகங்களைத் தயாரித்தது. அவற்றுக்கு இசை அமைத்த டேவிட் மன்றோ என்னும் இளைஞர், பதினாறாம் நூற்றாண்டுக் குழல்களையும் நரம்புக் கருவிகளையும் கொண்டே இசைத்துக் காட்டினார். கேட்டவர்கள் பழங்காலத்தின் மூச்சையே கேட்டதாக உணர்ந்தனர்.

இரண்டாவது, காலத்தைப் பற்றிக் கவலைப்படாது இன்றைய பெரும் பல்லியத்தைப் பயன்படுத்துதல். யப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1963ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஒரு பெரிய சரித்திரத் தொடரை ஒளிபரப்பி வருகின்றது. முதற்றொடருக்கு இசை அமைத்தவர் இசாவோ தொமிதா. 1966ஆம் ஆண்டுத் தொடருக்கு உலகப் புகழ்பெற்ற தோரு தாக்கெமித்சு இசை வழங்கினார். முகப்பிசையை வாசிப்பது அந்நிறுவனத்தின் சொந்த சிம்பனிக் குழு. வாள் வீரர் காலத்துக் கதைக்கு மேனாட்டுப் பல்லியம் முழங்குவதை அங்கு எவரும் குறையாகக் கருதவில்லை.

மூன்றாவது வழி மிகக் கடினமானது. நம் நாட்டுக் குரலும் கருவியும் மேனாட்டுப் பல்லிய அமைப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் இணைந்து நிற்கச் செய்தல். இவ்வழியிற் சென்று வெற்றி கண்டவர்களுள் முன்னிற்பவர் பம்பாயைச் சேர்ந்த வன்ராஜ் பாட்டியா.

வினாவிலே தொடங்கிய சரித்திரம்

ஜவாஹர்லால் நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையிலே இருந்தபோது 1944ஆம் ஆண்டில் எழுதி, 1946இல் வெளிவந்த நூல், இந்தியாவைக் கண்டறிதல் பற்றியது. அதனை அடிப்படையாகக் கொண்டு சியாம் பெனகல் 'பாரத் ஏக் கோஜ்' என்னும் தொடரை 53 பகுதிகளாக உருவாக்கினார். 1988ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் அதனை ஒளிபரப்பத் தொடங்கியது. நேருவாக ரொஷான் சேத் தோன்றினார். சிந்துவெளி முதல் விடுதலை வரை ஐயாயிரம் ஆண்டுக் கதை. சிலப்பதிகாரமும் சோழப் பேரரசும் அதிலே இடம்பெற்றன என்பது தமிழ் வாசகர்க்கு உவகை தரும்.

இத்தகைய மாபெருந் தொடருக்கு எப்படிப்பட்ட முகப்பிசை அமைய வேண்டும்? அந்நாளில் வெளிவந்த இராமாயணம், மகாபாரதம் முதலிய தொடர்களின் தொடக்கத்தை நினைவு கூருங்கள். சங்கு முழங்கும், பாடகர் உரத்த குரலில் கதையின் பெருமையை எடுத்துரைப்பார். கேட்பவர் கைகூப்புவர். அவை இதிகாசங்கள் ஆதலின் அத்தொடக்கம் அவற்றுக்குப் பொருந்தியது.

பெனகலின் தொடரோ இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டிலத்திலுள்ள படைப்புப் பாடலுடன் தொடங்கியது. உலகம் தோன்றுமுன் என்ன இருந்தது, எங்கிருந்து இது வந்தது, அறிந்தவர் யார் என்று வினவி, மேலே இருந்து நோக்குபவனும் அறிவானோ அறியானோ என்ற ஐயத்தோடு முடியும் அரும்பெரும் பாடல் அது. வடமொழி மூலமும் அதன் இந்தி ஆக்கமும் சேர்ந்திசையாக ஒலிக்குமாறு பாட்டியா அமைத்தார். மந்திரத்தை ஓதும் முறை நம்முடையது. பல குரல்கள் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று எழுந்து நிற்கும் கட்டுமானம் மேனாட்டாருடையது. இரண்டும் எங்கே ஒட்டப்பட்டன என்று காண முடியாதபடி இணைந்துவிட்டன. முடிவிசைக்கும் அதே மண்டிலத்தின் இரணியகர்ப்பப் பாடலே அமைந்தது.

ஒரு நாட்டின் வரலாற்றை வெற்றி முரசோடு தொடங்காது ஒரு வினாவோடு தொடங்கியது எத்துணைப் பொருத்தம்! வரலாற்று மாணவன் முதலிற் கற்க வேண்டியதும் வினாவுதலே. பாடநூலின் பல பக்கங்கள் புகட்ட முயலும் இவ்வுண்மையை, அரை நாழிகைக்கும் குறைந்த நேரத்தில் அம்முகப்பிசை உணர்த்திவிடுகின்றது. பழைய தொடராயினும் இன்று இணையத்தின் வழியே அதனை எவரும் கேட்கலாம். என் மாணவர்களைக் கேட்கச் செய்தேன். இந்தியோ வடமொழியோ அறியாத அச்சிறுவர்கள், "சேர், இது யாரையோ தேடிப் போற மாதிரி இருக்கு" என்றனர். தொடரின் பெயரிலுள்ள 'கோஜ்' என்ற சொல்லுக்குத் தேடல் என்பதே பொருள் என்று நான் அதுவரை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரு கரையும் கண்டவர்

வன்ராஜ் பாட்டியா 1927ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியிலே ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் றோயல் இசைக் கழகத்திலும், அதன்பின் பாரிசிலே நாடியா பூலான்சே அம்மையாரிடத்தும் மேனாட்டு இசையமைப்பைக் கற்றார். அமெரிக்காவின் ஆரன் கொப்லாந்து முதலாகப் பல தேசத்து இசைமேதைகளுக்கு ஆசானாக விளங்கியவர் அவ்வம்மையார்.

தாயகம் திரும்பிய பாட்டியா 1960களின் முற்பகுதியில் தில்லிப் பல்கலைக்கழகத்திலே மேனாட்டு இசை கற்பித்தார். ஆயினும் இத்துணைக் கல்விக்கும் சோறிட்டது எது தெரியுமா? விளம்பரப் பாடல்கள்! சேலைக்கும் சவர்க்காரத்திற்குமாக அவர் அமைத்த சில விநாடிப் பாடல்கள் ஆயிரக்கணக்கானவை. இதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. முப்பது விநாடிக்குள் ஓர் உணர்ச்சியைத் தொடங்கி, வளர்த்து, முடிக்கும் வித்தையை அங்கேதான் அவர் பழகியிருத்தல் வேண்டும். தொலைக்காட்சி நாடகத்திற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

1974ஆம் ஆண்டில் பெனகலின் முதற் படமாகிய 'அங்குர்' வெளிவந்தது. அன்று தொடங்கிய நட்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1857ஆம் ஆண்டு எழுச்சியைப் பின்னணியாகக் கொண்ட 'ஜுனூன்' என்ற சரித்திரப் படத்திற்கும் (1978) இசை அவருடையதே.

தாளமும் விநாடியும்

பின்னணி இசை எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதை மாணவ நேயர்களுக்காகச் சிறிது விளக்குதல் நலம். காட்சிகளைத் தொகுத்து முடித்தபின் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒருங்கிருந்து நாடகத்தைப் பார்ப்பர். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே ஓய வேண்டும், எங்கே மௌனமே பேச வேண்டும் என்று குறித்துக்கொள்வர். பின்னர் கணக்கு ஆரம்பமாகும்.

நாற்பது விநாடி நீளமுள்ள காட்சி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 72 அடி என்ற காலப்பிரமாணத்தில் வாசித்தால் நாற்பது விநாடிக்குள் 48 அடிகள் அமையும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்திலே இது சரியாக ஆறு ஆவர்த்தனம். மன்னன் முடி சூடும் கணத்தில் ஆறாவது ஆவர்த்தனம் நிறைவெய்தி அழகாக முடியும். ஆனால் இயக்குநர் பின்னர் மனம் மாறி ஐந்து விநாடியை வெட்டிவிட்டால் ஆறு அடிகள் போய்விடும். ஓர் ஆவர்த்தனத்திற்கு எட்டு அடி அல்லவா? தாளம் நடுவழியிலே முறிந்து நிற்கும். இசையமைப்பாளர் வேகத்தைக் கூட்டியோ, இடையிலே ஒரு சொற்கட்டைக் குறைத்தோ மீண்டும் பொருத்த வேண்டும். வாரந்தோறும் ஒரு பகுதி வெளிவரும் தொடரிலே இத்தகைய தொல்லைகள் எத்தனை எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனினும் கடினமானது இரு இசை மரபுகளையும் இணைத்தல். நம் இசை ஒரு நூலிழை போன்றது. தம்புரா ஆதார சுருதியை மீட்ட, ஒரே இராகம் நெளிந்து வளைந்து செல்லும். சுவரத்திற்கும் சுவரத்திற்கும் இடையிலுள்ள கமகத்திலேதான் அதன் உயிர் இருக்கின்றது. மேனாட்டுப் பல்லியமோ பல இழைகளைக் கொண்டு நெய்த துணி. ஒரே நேரத்தில் வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு சுவரங்களை ஒலித்து ஒத்திசைவை உண்டாக்கும். கமகத்தின் கீழே அசையாத சுவரக் கூட்டம் ஒன்றை வைத்தால் இரண்டும் மோதும். பியானோவிலே சுவரங்கள் பன்னிரண்டு படிகளாக இறுகி நிற்பதால் நெளிவுக்கு இடமில்லை. வயலினிலோ மெட்டு இல்லை. விரல் விரும்பிய இடத்தில் வழுக்கிச் செல்லலாம். நமது வித்துவான்கள் அதனைத் தழுவிக்கொண்டதன் இரகசியம் இதுவே.

அகில இந்திய வானொலி 1952ஆம் ஆண்டிலே தேசிய வாத்தியக் குழுவை அமைத்தபோது, அதனை நடத்திய பண்டிதர் இரவிசங்கரும் இச்சிக்கலை எதிர்கொண்டார். பாட்டியா கைக்கொண்ட தீர்வுகளுள் முதன்மையானது மனிதக் குரல். குரலுக்குக் காலம் இல்லை. இராசராசன் காலத்துப் பிடாரரின் தொண்டையும் இன்றைய பாடகரின் தொண்டையும் ஒன்றே. எந்நூற்றாண்டுக் கதையிலும் அது அந்நியமாகத் தோன்றாது.

ஓலத்திற்குச் சமயம் உண்டோ?

இனி நான் கூறப்போவது சற்றே கனமான செய்தி.

1988ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பாட்டியா இசை அமைத்த மற்றொரு நாடகம் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. கோவிந்த் நிகலானி இயக்கிய 'தமஸ்'. இருள் என்பது அதன் பொருள். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது பஞ்சாபிலே அயலார் அயலாரைக் கொன்றொழித்த கொடுமையை, இளமையில் அப்பகுதியில் வாழ்ந்தவராகிய பீஷ்ம சாஹனி நாவலாக எழுதியிருந்தார். அதுவே நாடகமாயிற்று. இதனை ஒளிபரப்பினால் மீண்டும் கலகம் மூளும் என்று கூறி அதனைத் தடுக்குமாறு சிலர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, நாடகத்திற்குச் சாதகமாகவே முடிந்தது.

அத்தகைய கதைக்கு இசை அமைப்பவன் கத்திமேல் நடப்பவன். ஒரு கூட்டத்தார் வரும்போது அச்சமூட்டும் இசையும், மற்றைக் கூட்டத்தார் வரும்போது இரக்கமூட்டும் இசையும் அமைத்துவிட்டால் போதும். வசனம் நடுநிலையில் நின்றாலும் இசை பழி சுமத்திவிடும். பார்ப்பவர் தாம் எவ்வாறு பக்கம் சாய்ந்தோம் என்பதையே அறியமாட்டார். பாட்டியா அவ்வாறு செய்யவில்லை. தலைப்பு ஓடும்போதே இறைவனைக் கூவியழைக்கும் ஓர் ஓலம் எழுகின்றது. அவ்வோலம் இந்துவினுடையதா, முஸ்லிமினுடையதா, சீக்கியரினுடையதா என்று எவரும் கூற முடியாது. வீடிழந்த மனிதர் எல்லாருடைய தொண்டையும் அதுவே. அந்நாடகத்தின் இசைக்காக அவருக்குத் தேசிய விருது வழங்கப்பட்டது.

இதனை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின்போது நான் கைக்குழந்தை. எங்கள் லயத்தை விட்டு ஓடிய என் பெற்றோரை அயலிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று நெல் வைக்கும் அறையிலே மறைத்து வைத்தது. அன்றிரவு தெருவிலே இரைந்து சென்ற லொறிகளின் ஓசை இன்றும் என் தாயாரின் காதை விட்டு அகலவில்லை. இரவில் லொறி ஏற்றத்தில் முனகினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் அந்த இரவிலிருந்து இன்னோர் ஓசையையும் அவர் காத்து வைத்திருக்கின்றார். நான் அழுதால் ஆபத்து என்று அஞ்சி, அவ்வீட்டு மூதாட்டி என்னை வாங்கி மடியிற் கிடத்தி, மெல்லிய குரலிலே ஒரு சிங்களத் தாலாட்டை முணுமுணுத்தாராம். சொற்கள் தாயாருக்கு மறந்துவிட்டன. மெட்டு மறக்கவில்லை. என் பிள்ளைகளை அவர் உறங்க வைத்ததும் அம்மெட்டினாலேதான்.

அந்த இரவை எவரேனும் நாடகமாக்கினால் எந்த ஓசையைப் பின்னணியாக வைப்பர்? லொறியை மட்டும் வைப்பதும் பொய். தாலாட்டை மட்டும் வைப்பதும் பொய். இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யத் தெரிந்தவனே சரித்திர நாடகத்திற்கு இசை அமைக்கத் தகுதியுடையவன்.

நம் நாட்டிலே

இலங்கையில் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. நம்மவர் இசைக்கும் தொலைக்காட்சிக்கும் பெருந்தொண்டு செய்தவர் பிரேமசிறி கேமதாச. 1937ஆம் ஆண்டு வாதுவையிற் பிறந்து 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மறைந்தவர். 'கொலு ஹதவத்த' (1968), 'நிதானய' முதலிய திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்கள் பலவற்றுக்கும் இசை அமைத்தார். 'மானச வில' போன்ற இசை நாடகங்களையும் ஆக்கினார். கிராமத்து இளைஞர் யுவதிகளைத் திரட்டி, அவர்களுக்குப் பயிற்சியளித்துச் சேர்ந்திசைக் குழுவாக்கினார் என்பது ஆசிரியத் தொழில் புரிவோர் மறக்கலாகாத செய்தி.

2010களின் தொடக்கத்திலே 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களக் குரலோடு வந்த கொரியச் சரித்திரத் தொடரை நினைவிருக்கின்றதா? அரண்மனைச் சமையற்கூடத்திலிருந்து அரச வைத்தியராக உயர்ந்த பெண்ணின் கதை. அதன் முகப்புப் பாடலின் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே இங்குள்ள பிள்ளைகள் அதனைப் பாடித் திரிந்தனர். கொரியச் சரித்திரம் கண்டிச் சீமையின் முற்றத்திற்கு இசையின் தோளேறி வந்தது.

ஆனால் அப்பாடலுக்கு இசை அமைத்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அலைவரிசையை மாற்றுவது நமது வழக்கம். வன்ராஜ் பாட்டியாவின் முடிவும் இதனை நினைவூட்டுகின்றது. 1989இல் சங்கீத நாடக அக்கடமி விருதும், 2012இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அப்பெரியார், முதுமையில் வறுமையுற்று வீட்டுப் பாத்திரங்களை விற்கும் நிலைக்கு வந்தார் என்று 2019இல் பத்திரிகைகள் எழுதின. 2021ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், தமது தொண்ணூற்றுமூன்றாம் வயதில் மும்பையிலே காலமானார். ஒரு தேசத்தின் ஐயாயிரம் ஆண்டுக்குச் சுருதி கூட்டியவரை அத்தேசம் சில காலம் மறந்திருந்தது.

வகுப்பறைப் பல்லியம்

மீண்டும் என் வகுப்புக்கு வருவோம். வினா எழுப்பிய சிறுவனுக்கு ஒரு வினாவையே விடையாகக் கொடுத்தேன். எங்கள் பன்விலவும் அடங்கிய தும்பறைப் பகுதியிலேதான் மெதமகாநுவர இருக்கின்றது. 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் அதனருகே பிடிபட்டான். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கேயே இறந்தான். நாயக்கர் வழி வந்தவன். சிங்கள நாட்டை ஆண்டவன். "அவன் பிடிபடும் காட்சிக்கு நீங்கள் இசை அமைத்தால் எந்த வாத்தியத்தை வைப்பீர்கள்?" என்று கேட்டேன்.

வகுப்பு பரபரத்தது. ஒருவன் கண்டி நடனத்துக்கு அடிக்கும் கெட்ட பெர வேண்டும் என்றான். இன்னொருத்தி நாதஸ்வரம் என்றாள். இரண்டும் சேரட்டும் என்றாள் மற்றொருத்தி. காமன் கூத்திலே தப்படிக்கும் ஒருவரின் மகன், "சாவு மேளம் அடிக்கலாம் சேர்" என்றான். "அது எப்படி? ராஜா இன்னும் பதினேழு வருசம் உசிரோட இருந்தாரே" என்று உடனே மறுத்தார்கள். வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட வேறு மகிழ்ச்சி ஏது? ஆண்டுக் கணக்கை நான் கேட்காமலே அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள்.

முதன்முதல் வயலினைப் பற்றிக் கேட்ட சிறுவன் மட்டும் பேசாதிருந்தான். இறுதியில் மெல்ல எழுந்தான்.

"பெரட்டுத் தப்பு வைக்கலாம் சேர்."

வாசகர்களுள் தோட்டப்புற வழக்கம் அறியாதோர் இருப்பர். அக்காலத்திலே தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்திற்கு அழைக்கத் தப்படிப்பார்கள். அதற்கென்று தனி அடி உண்டு. கல்யாணத்திற்கும் சாவுக்கும் கூத்துக்கும் வேறு வேறு அடிகள்.

"ஏன்?" என்றேன்.

"ராஜாவப் பிடிச்ச பெறகுதானே சேர் வெள்ளைக்காரன் இந்த மலையில கோப்பி போட்டான்? கோப்பி போட்ட பெறகுதானே நம்ம ஆளுங்கள இங்க கூட்டிட்டு வந்தாங்க? அப்ப நமக்குப் பெரட்டுக்குக் கூப்பிட்டது அன்னைக்குத்தானே?"

வகுப்பிலே ஓசையே இல்லை. வெளியே மூடுபனிக்குள் எங்கோ கொழுந்து லொறி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. தப்படிப்பவரின் மகன் மேசையின் விளிம்பிலே விரல்களால் அந்தப் பழைய அடியை மெல்லத் தட்டிப் பார்த்தான். தன் தாத்தாவிடம் கேட்டறிந்ததாம். மற்றப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மணி அடிக்கும் வரை நான் அவர்களைத் தடுக்கவில்லை.